ஞானம்மா கண் திறந்து பார்த்த ஆட்டம்

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த விளையாட்டு டீச்சர். இப்போது பிள்ளைகளின் மனதைத் தயார்ப்படுத்த எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் வருகிறாராம். அம்மா அப்பாக்களுக்கும் தனியாக ஒரு வகுப்பு உண்டாம். அதையெல்லாம் ஆசையாகச் சொல்லிவிட்டு, "டீச்சர் இருந்த காலத்துல இதுக்கெல்லாம் ஆளு உண்டாயிருந்துதோ?" என்று கேட்டாள்.

"உண்டாயிருந்துது மோளே. கையில ஒரு வாளியோட வரும்" என்றேன்.

கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். மரியாதையாகப் போனை வைத்துவிட்டாள். என் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. வாளி என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குக் கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் மளிகைக் கடை. எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நான் சென்னைக்குப் போய் உடற்கல்வி படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் நின்றோம், ஓடினோம், விசில் ஊதினோம். திரும்பி வந்ததும், "விசில் ஊதற பொண்ணை எவன் கட்டுவான்?" என்று அம்மா அழுதாள். ஒருவர் கட்டினார், அது வேறு கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலையைத் தர எங்கள் பக்கத்தில் முன்வந்தது கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் மட்டும்தான். நெற்றியில் குங்குமம், இழுத்துச் செருகிய புடவை, காலில் கான்வாஸ் ஷூ. இந்தக் கோலத்தில் போய் நின்ற என்னைத் தலைமையாசிரியை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சருக்கு வாலிபால் அறியுமோ?" என்பது ஒன்றே கேள்வி. அறியும் என்றேன். மறுநாளே வேலை.

அவர் பெயர் சிஸ்டர் கொர்னேலியா. கும்பளங்கிக்காரர், குள்ளமான உருவம். பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் பயன்படும் ஸ்டூலை மைதானத்துக்குத் தூக்கி வரச் சொல்லி, அதன்மேல் ஏறி நின்றுதான் நடுவராக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு பெண் பந்தைக் கோட்டை விட்டால், "ஒண்ணூடே" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். அதே பெண் அற்புதமாக ஒரு ஸ்மாஷ் அடித்தாலும் "ஒண்ணூடே" தான். இரண்டுக்கும் குரலில் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. நானோ தொண்டை கிழியக் கத்துகிற ஜாதி. ஆரம்பத்தில் இந்த அமைதி எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

அவருடைய சட்டங்களில் ஒன்று, ஆட்டத்துக்கு முன் சிற்றாலயத்தில் ஜெபம் செய்யும்போது "ஜெயிக்க வேண்டும்" என்று யாரும் கேட்கக் கூடாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். எங்கள் சாமியிடம் நாங்கள் அதைத்தானே முதலில் கேட்போம்.

"அப்புறத்துல நிக்கற குட்டிகளும் அதே கர்த்தாவோட பிள்ளைகள்தானே டீச்சரே. அவர் எந்தப் பக்கம் நிக்கும்? பாவம், அவரைச் சங்கடப்படுத்தண்டா" என்றார்.

இனி வாளி. போட்டிக்கு முந்தின சனிக்கிழமை சிற்றாலயத்தின் வராந்தாவில் அணியிலுள்ள பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தியின் வீட்டிலிருந்தும் அம்மாவோ அப்பாவோ கட்டாயம் வர வேண்டும். சிஸ்டர் ஒரு வாளியில் உப்புப் போட்ட தண்ணீரோடு வருவார். தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு பெண்ணின் காலையும் கழுவுவார். பெரிய வியாழக்கிழமை கோயிலில் பாதிரியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. சிஸ்டர் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அவர் கை சும்மா கழுவாது. விரலிடுக்கில் வெட்டு இருக்கிறதா, நகம் சதைக்குள் போகிறதா, குதிகால் வெடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தும்போது மட்டும் காலைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று வலியை மறைக்கிற பெண்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அவர் கழுவி முடித்த காலைப் பெற்றவர் துண்டால் துடைத்துவிட வேண்டும். துடைக்கும்போது பிள்ளையிடம் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல வராது. வலை வீசுகிற தகப்பன் ஒருவர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

முதல் முறை பார்த்தபோது நான் பதறிப்போனேன். தலைமையாசிரியை மாணவியின் காலைத் தொடுவதாவது! வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த முறை தள்ளி நின்றேன். சிஸ்டர் நிமிர்ந்தே பார்க்காமல், "இந்தக் காலு டீச்சருக்கு" என்று நகர்ந்து இடம்விட்டார். வேறு வழியில்லாமல் குனிந்தேன். ஓய்வு பெறும்வரை குனிந்துகொண்டுதான் இருந்தேன். அதன் சூட்சுமம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை யாருடைய காலைத் துடைத்தோமோ, அவள் ஞாயிற்றுக்கிழமை தோற்றுவிட்டு வரும்போது அவளைத் திட்ட வாய் வராது. எனக்கும் வராது, பெற்றவர்களுக்கும் வராது.

ஞானம்மாவை நான் கவனிக்கத் தொடங்கியது அந்த வராந்தாவில்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் சவரிமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். ஒரே மகள் ரோசிலி, எங்கள் அணியின் உயிர். தூக்கிக் கொடுத்த பந்தை அவள் எம்பி அடித்தால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஞானம்மா ஒரு சனிக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. மகளின் காலை ஈரம் போகத் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பயிற்சி ஆட்டம் தொடங்கும் முன் கிளம்பிவிடுவார். மகள் விளையாடி அவர் பார்த்ததே கிடையாது. வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

ரோசிலி பத்தாம் வகுப்பில் இருந்தபோது, எண்பதுகளின் நடுவில், மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் எர்ணாகுளத்தில் நடப்பதாக இருந்தது. அதில் தேறினால் மாநில அணி, அதற்குப் பிறகு விளையாட்டுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு நல்ல வேலை. மூட்டை தூக்குபவரின் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மாலைப் பயிற்சியில், எம்பி அடித்துவிட்டு இறங்கிய ரோசிலி பக்கத்தில் நின்றவளின் கால்மேல் இறங்கினாள். கணுக்கால் மடங்கியது. தோப்பும்படியில் மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் இடத்துக்கு ஆளை விரட்டினோம். மீன் வாடை அடிக்கும் அந்த ஐஸைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டிருக்கும்போது ஞானம்மா வந்தார். அழவில்லை, கத்தவில்லை. வீங்கிய காலைப் பார்த்து, "கேட்டுட்டாரு" என்றார்.

யார், என்ன கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. மகளை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ரோசிலி பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நானும் சிஸ்டரும் போனோம். மிளகு, சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் கடைசியில் வீடு. ரோசிலி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் மாதா கோயில் எண்ணெயில் நனைத்த துணி. நாங்கள் சுற்றிவிட்ட பேண்டேஜை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். சவரிமுத்து எங்களுக்குச் சாயா வாங்க எழுந்து போனார். அந்த மனிதர் தப்பித்துக்கொள்கிறார் என்று தெரிந்தது.

ஞானம்மா சுற்றி வளைக்கவில்லை. "சிஸ்டர், பரிட்சை முடிஞ்சதும் இவளை மடத்துல எடுத்துக்கிடுங்க" என்றார்.

ரோசிலி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கே இது புதிய செய்தி என்று அந்த முகம் சொன்னது.

கதை இதுதான். ரோசிலிக்கு மூன்று வயதில் ஜன்னி கண்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஞானம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துப் படியில் கிடத்தி, "இவளைப் பொழைக்க வை, உனக்கே கொடுத்திடறேன், மடத்துக்கு அனுப்பறேன்" என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து ஞானம்மாவுக்கு ஒரு பயம். பிள்ளை தடுக்கி விழுந்தால், "கொடுத்ததைக் கேட்கிறார்" என்று தோன்றும். எம்பிக் குதிக்கிற விளையாட்டில் அவள் சேர்ந்தபோது அந்தப் பயம் பத்து மடங்காயிற்று. கன்னியர் கற்றுக்கொடுக்கிற விளையாட்டு, அதனால் பாதி மடத்துக்குள்தான் இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

"முகாமுக்குப் போனா அப்புறம் வேலைம்பாங்க, கல்யாணம்பாங்க. நான் சொன்ன வாக்கு என்னாகும்? அதான் காலை மடக்கிக் காட்டிட்டாரு. அடுத்த தடவை காலோட விடமாட்டாரு டீச்சர்."

எங்கள் ஜனங்களிலும் நேர்த்திக்கடன் உண்டு. மொட்டை, காவடி, மண்சோறு எல்லாம் நேர்ந்தவரே தம் உடம்பால் செலுத்துவது. நேர்ந்துவிட்ட ஆடு வேறு வகை. ஆட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. "பெத்த பிள்ளையை ஆடு மாதிரி நேர்ந்துவிட்டுட்டு இப்ப..." என்று ஆரம்பித்தேன். சிஸ்டர் என் முழங்கைமேல் கையை வைத்தார்.

அவர் ரோசிலியின் பக்கம் திரும்பி, "நினக்கு எந்தா வேண்டது மோளே?" என்று கேட்டார்.

ரோசிலி துணியின் நுனியைத் திருகினாள். "எனக்கு விளையாடணும் சிஸ்டர். ஆனா அம்மா ராத்திரி தூங்காம இருக்கறதும் எனக்கு வேண்டாம்" என்றாள்.

திரும்பி வரும்போது சந்திலேயே நான் பொரிந்து தள்ளினேன். "இந்த நேர்ச்சை செல்லாதுன்னு சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சிஸ்டர் சொன்னா அவங்க கேப்பாங்க."

"பேடிச்சு நிக்கற ஆளோட, பேடிக்கண்டான்னு சொன்னா பேடி போகுமோ டீச்சரே?" என்றார். பேடி என்றால் மலையாளத்தில் பயம். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "மடத்துக்கு ஆளு வேணும். தலைமை மடத்துலேர்ந்து எப்பவும் கேக்கறாங்க, உங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து ஏன் ஒரு குட்டியும் வரலைன்னு. ஆனா அம்மையோட பேடியைச் சுமந்துட்டு வர்ற குட்டி எனக்கு வேண்டா" என்றார். கைக்கு வந்த கன்னிகையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மேலிடத்தில் என்ன பதில் சொல்ல வேண்டியிருந்ததோ, எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

நேரே பங்குத்தந்தையிடம், எங்கள் ஊர் வழக்கில் அச்சனிடம், போனார். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கத் திருச்சபையில் வழி உண்டாம். பிஷப்பின் வீட்டில் கேட்டு அனுமதி வாங்கி வந்தார் அச்சன். ஞானம்மாவைக் கோயிலுக்கு வரவழைத்தோம். நானும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

அச்சன் பொறுமையாகச் சொன்னார். நேர்ந்தது நீ, அதனால் கொடுக்க வேண்டியதும் உன்னிடமிருந்து வர வேண்டும். இன்னொருத்தியின் வாழ்க்கையை உன் கையால் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். உனக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல், அதை நேர்ச்சையாக மாற்றித் தருகிறேன்.

ஞானம்மா யோசித்தார். மெழுகுவர்த்தி, உபவாசம், வேளாங்கண்ணிக்கு நடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை என்று எனக்கே தெரிந்தது. அப்போது சிஸ்டர் குறுக்கே பேசினார்.

"ரோசிலி சாடறதைப் பாக்கட்டும் அச்சா."

குதிப்பதைத்தான் அவர்கள் பக்கத்தில் சாடுவது என்பார்கள். அச்சன் சிரித்துவிட்டார். "மேட்ச் பாக்கறது ஒரு தவமோ சிஸ்டரே? அப்படீன்னா இந்தக் கொச்சியில எல்லாரும் புண்ணியவாளர்தான்."

"அச்சன் அம்மையா இருந்ததில்லையல்லோ" என்றார் சிஸ்டர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அச்சன் சிரிப்பை நிறுத்தி ஞானம்மாவைப் பார்த்தார். ஞானம்மாவின் உதடு வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அச்சனுக்கும் விளங்கிவிட்டது. நேர்ச்சை அப்படியே மாற்றப்பட்டது. மகள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் தாய் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கண் திறந்து பார்க்க வேண்டும். முடிந்த பிறகு எதிரணிப் பெண்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்ல வேண்டும். இதை மகள் விளையாடும் காலம் முழுக்கச் செய்ய வேண்டும். ஞானம்மா பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டுச் சம்மதம் சொன்னார். காவடி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில்கூட அப்படி ஒரு பயத்தைக் கண்டதில்லை.

அன்று மாலையே பேண்டேஜ் ரோசிலியின் காலுக்குத் திரும்பி வந்தது. எண்ணெய்த் துணியை சிஸ்டர் எடுக்கச் சொல்லவில்லை, அதற்கு மேலேயே சுற்றச் சொன்னார். டாக்டர் பார்த்து, எலும்புக்குச் சேதமில்லை, வலி பொறுத்தால் ஆடலாம் என்றார். அந்தச் சனிக்கிழமை வாளித் தண்ணீரில் சிஸ்டரின் பெருவிரல் அவள் கணுக்காலில் வெகுநேரம் நின்றது. பிறகுதான் துண்டு ஞானம்மாவின் கைக்குப் போனது.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து எல்லோரும் எர்ணாகுளத்துக்குப் போனோம், கூட்டத்தில் ஏறி நின்று பார்க்க சிஸ்டர் தன் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டார். எங்கள் எதிரணி திருப்பூணித்துறைப் பெண்கள், நல்ல உயரம். தேர்வாளர்கள் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞானம்மா பெஞ்சில் என் பக்கத்தில். ரோசிலி முதல் தடவை எம்பியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். முதல் செட் முழுக்க அந்தப் பெண்மணி கேட்டது பந்தின் சத்தத்தை மட்டும்தான். செட் முடிந்ததும் சிஸ்டர் பின்னால் வந்து குனிந்து, "ஞானம்மே, கண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது செட்டில் ஞானம்மா கண்ணைத் திறந்து வைத்தார். எப்படி என்று கேட்காதீர்கள். இமைகள் துடித்துக்கொண்டிருந்தன, வாய் "அருள் நிறைந்த மரியே" என்று முணுமுணுத்தது, மகள் எம்பும் நேரமெல்லாம் மந்திரம் பாதியில் நின்றது. நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் செய்யக்கூடாத வேலைதான். திடீரென்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"டீச்சர்! இவ மேல போறப்போ சிரிக்கிறாளே!"

அது உண்மை. அத்தனை வருஷம் பயிற்சி கொடுத்த நான், அவளுடைய தோளையும் முழங்காலையும் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. வலைக்கு மேலே, கை பின்னால் போய் பந்துக்காகக் காத்திருக்கும் அந்த நொடியில், ரோசிலி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி செட்டில் அவள் விழுந்தாள். அதே கால். ஞானம்மா எழுந்துவிட்டார். நானும் எழுந்து அவர் தோளைப் பிடிக்கப் போனேன், ஓடிவிடுவார் என்று. அவர் ஓடவில்லை. கண்ணையும் மூடவில்லை. தரையில் கிடந்த ரோசிலி என்னைப் பார்க்கவில்லை, சிஸ்டரையும் பார்க்கவில்லை, தலையைத் திருப்பி அம்மாவைத் தேடினாள். ஞானம்மாவின் கை மார்பிலிருந்து மெதுவாக இறங்கி, உள்ளங்கை மேலே பார்க்க, எழுந்திரு என்று இரண்டு முறை அசைந்தது. ரோசிலி எழுந்தாள். காலை உதறினாள். பந்து தூக்கிக் கொடுப்பவளிடம், தனக்கே கொடுக்கும்படி சைகை செய்தாள்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் முகாமுக்கு வாசிக்கப்பட்ட பெயர்களில் ரோசிலியின் பெயர் இருந்தது. பெயர் வாசிக்கும்போது ஞானம்மா பக்கத்தில் இல்லை. தேடிப் பார்த்தால், திருப்பூணித்துறைப் பெண்களுக்கு நடுவே நின்று, ஒவ்வொருத்தியின் பேரையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேர் தெரியாமல் எப்படி ஜெபமாலை சொல்வது என்றாராம்.

ரோசிலி மாநிலத்துக்கு ஆடினாள், அவளுக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. அவள் ஆடிய ஊரிலெல்லாம் ஞானம்மா ஒரு துணிப்பையோடு போய் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கொர்னேலியாவைப் போல ஒருவரின் கீழ் வேலை பார்த்தது என் பூர்வ ஜன்ம புண்ணியம் என்பேன். இப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார், அவருக்குப் பூர்வ ஜன்மத்தில் நம்பிக்கை கிடையாது.

அந்த எர்ணாகுளம் ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலம் படகில் திரும்பும்போது, ரோசிலி அசதியில் அம்மாவின் மடியில் காலைப் போட்டுத் தூங்கிவிட்டாள். ஞானம்மா அந்தப் பேண்டேஜைத் தடவிக்கொண்டே இருந்தார். ஜெபமாலை முடிந்திருந்தது. எதிரே சிஸ்டர் ஸ்டூலைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ விழுந்தப்போ அவரு கேக்கலையே சிஸ்டர்" என்றார் ஞானம்மா.

சிஸ்டர் இல்லை என்று தலையசைத்தார்.

ஞானம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "இத்தனை வருஷமா அந்தச் சிரிப்பை நான் பாக்காம விட்டுட்டேனே சிஸ்டர்" என்று விம்மினார்.

சிஸ்டர் கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டார். மைதானத்தில் சொல்கிற அதே குரலில், ஒரு நூல்கூட ஏறாமல் இறங்காமல், "ஒண்ணூடே, ஞானம்மே" என்றார்.